மொட்டை மாடியில் கொதிக்குது ரகசியம்!

கிரிவலம் போகிற திருவண்ணாமலை இல்லை இது. ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி, குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் குடிகொண்ட திருவண்ணாமலை. தென் திருப்பதி என்றால் ராஜபாளையம் வட்டாரத்தில் சின்னப் பிள்ளைகூட வழி சொல்லும். புரட்டாசி சனிக்கிழமைகளில் அந்தப் படிகளில் கூட்டம் அள்ளும். நாம் இன்றைக்கு ஏறப்போவது வேறு படி. வீட்டு மாடிப்படி! உச்சி வெயிலா? அதனால்தானே ஏறுகிறோம். செருப்பைக் கழற்றிவிடாதீர்கள், தளம் பொரிகிறது.

அதோ நிற்கிறது சோலார் ஹீட்டர். மேலே படுத்த வாக்கில் ஒரு உருளை டேங்க். அதிலிருந்து சரிவாக இறங்கும் கறுப்புக் கண்ணாடி டியூப்கள். 100 லிட்டர் என்றால் பொதுவாக 10 டியூப். இப்போது முதல் வேடிக்கை: ஒரு டியூபைத் தொட்டுப் பாருங்கள். பயப்படாமல் தொடுங்கள்! உள்ளே தண்ணீர் அறுபது, எழுபது டிகிரியில் தகிக்கிறது. வெளிக்கண்ணாடியோ கையைச் சுடவில்லை. மாடித் தரையே அதைவிடச் சூடு!

சூட்சுமம் இதுதான். ஒவ்வொரு டியூபும் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய். இடையில் காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்து மூடியிருக்கிறார்கள். உள் கண்ணாடியின் மேல் பூசிய கறுப்புப் பூச்சு வெயிலை விழுங்கிவிடும், வெப்பமாகத் திரும்ப அதிகம் வெளியே விடாது. நடுவில் காற்றே இல்லாததால் சூடு தப்பி ஓடவும் வழியில்லை. வீட்டு பிளாஸ்க்கில் காபியைக் காக்கிற அதே வித்தைதான்.

இப்போது குனிந்து டியூபின் அடி நுனியைப் பாருங்கள். வெள்ளி முலாம் பூசியதுபோல் பளபளக்கிறதா? அது அலங்காரம் இல்லை, வேவுகாரன்! பேரியம் என்ற உலோகத்தின் மெல்லிய படலம். இடைவெளியில் மிச்சமிருக்கும் வாயுவை விழுங்குவது அதன் வேலை. எங்காவது விரிசல் விட்டுக் காற்று புகுந்தால் அந்த வெள்ளி நிறம் மறைந்து, சுண்ணாம்பு தடவியதுபோல் வெளுத்துவிடும். வெளுத்த நுனி என்றால் அந்த டியூப் செத்தது. பத்தில் இரண்டு வெளுத்திருந்தாலும் கீழே குளியலறையில் இருப்பவருக்குத் தெரியாது. “முன்ன மாதிரி சூடு இல்லையே” என்று மட்டும் முணுமுணுப்பார். நீங்கள் இனிமேல் மாடியேறி ஒரே நிமிடத்தில் நோயைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

மோட்டார் எங்கே என்று தேடுகிறீர்களா? கிடையாது! சூடான தண்ணீர் லேசாகி மேலே டேங்குக்கு ஏறும். குளிர்ந்த, கனமான தண்ணீர் டியூபுக்குள் இறங்கும். வெயில் இருக்கும்வரை இந்தச் சுற்று தானாகவே நடக்கும். சூடான தண்ணீர் மேலே போகும் என்பதால் டேங்க் டியூபுக்கு மேலே இருக்கிறது. இரவில் சுற்று தலைகீழாகாமல் இருப்பதும் அதனால்தான். ஆனால் இந்த டேங்குக்குப் பச்சைத் தண்ணீர் அனுப்பும் மேல்நிலைத் தொட்டி இதைவிட உயரத்தில் நிற்க வேண்டும். அதைக் கவனிக்காமல் வாங்கிவிட்டு, பிறகு தொட்டிக்கு மேடை கட்டச் செலவழிப்பவர்கள் உண்டு. விலைப்பட்டியலில் வராத செலவு அது!

வில்லனைப் பார்க்க வேண்டாமா? போர் தண்ணீரின் உப்பு. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு உப்பு பிரிந்து படியும். டியூப் என்றால் கழற்றிக் கழுவலாம். இன்னொரு வகையான தட்டைத் தகடு ஹீட்டரில் கண்ணாடிக்கு அடியில் மெல்லிய செப்புக் குழாய்கள் ஓடும். உப்பு அதில் அடைத்தால் அமிலம் விட்டுத்தான் எடுக்க வேண்டும். தட்டைத் தகடு கெட்டியானது, ஆயுள் அதிகம், விலையும் அதிகம். ஆனால் கடும் உப்புத் தண்ணீர் வீட்டுக்கு டியூப்தான் நிம்மதி. டேங்குக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு மெக்னீசியம் ராடு தொங்கும். தண்ணீர் டேங்கின் உலோகத்தை அரிப்பதற்குப் பதில் இந்த ராடை அரித்துத் தின்னும். ராடு கரைந்து தீர்ந்ததும் அடுத்த இரை டேங்க்தான். இப்படி ஒரு தியாகி உள்ளே இருப்பது பல வீட்டுக்காரர்களுக்கே தெரியாது!

உஷார், ஒரு எச்சரிக்கை. கரண்ட் போய், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடாமல், டேங்க் காலியாகிவிட்டது. வெறும் டியூப் வெயிலில் காய்கிறது. உள்ளே சூடு 200 டிகிரியைத் தாண்டும். மதியம் கரண்ட் வந்து பச்சைத் தண்ணீர் அதற்குள் பாய்ந்தால் படீர்! ஆகவே காலியான டேங்கை அதிகாலையில்தான் நிரப்ப வேண்டும்.

சரி, வானத்தைப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் இருப்பது ஏறத்தாழ ஒன்பதரை டிகிரி வட அட்சரேகையில். சித்திரை பிறப்பை ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல். பிறகு ஆகஸ்ட் கடைசி வரைக்கும் அது வடபக்கம் சாய்ந்தே போகும். நம் டியூப்களோ தெற்கே பார்த்துச் சரிந்திருக்கின்றன! தப்பாக வைத்துவிட்டார்களா? இல்லவே இல்லை. சித்திரை, வைகாசியில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரே வெந்நீர், ஹீட்டரை யார் தேடப்போகிறார்கள்? தேவை மார்கழியில். அப்போது சூரியன் தெற்கே, நண்பகலில் சுமார் 57 டிகிரி உயரத்தில் நிற்கும். அந்த மாதத்துக்காகத்தான் இந்தச் சாய்வு. மேற்குத் தொடர்ச்சி மலை மாலை வெயிலைச் சீக்கிரம் மறைக்கிறதே என்று வருந்த வேண்டாம்; சாய்ந்த வெயிலில் கிடைப்பது சொற்பம். உண்மையான எதிரி ஐப்பசி, கார்த்திகை மேகம். வடகிழக்குப் பருவமழை அடைத்துக்கொண்டு நிற்கும் நாட்களில் டேங்குக்குள் இருக்கும் மின் காயில்தான் கைகொடுக்கும்.

ஆண்டாள் ஊரில் ஹீட்டருக்கு ஆண்டுத் தேர்வு மார்கழி விடியல்தான். மாலை நான்கு மணிக்குச் சேர்ந்த சூடு, மறுநாள் அதிகாலை நாலரை மணி வரை தாக்குப்பிடிக்க வேண்டும். டேங்கைச் சுற்றிய நுரைக் காப்பு நன்றாக இருந்தால் இரவில் சில டிகிரிதான் இறங்கும். ஆனால் குழாய்? உள்விட்டம் 15 மில்லிமீட்டர், நீளம் 15 மீட்டர் என்றால் இரண்டரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குழாய்க்குள்ளேயே குளிர்ந்து கிடக்கும். அது வெளியேறிய பிறகே சூடு வரும். குழாய்க்குக் காப்புறை போடாமல் விட்டால் வருகிற சூட்டிலும் ஒரு பங்கு வழியில் போய்விடும்.

இனி கணக்கு. ஆமாம், இதுதான் பெரிய வேடிக்கை! டேங்கில் 60 டிகிரி, தொட்டித் தண்ணீர் 26 டிகிரி, குளிக்க இதமாக 40 டிகிரி போதும். அப்படியானால் 20 லிட்டர் வாளிக்கு வெந்நீர் 8 லிட்டர் விட்டால் ஆயிற்று. 100 லிட்டர் டேங்கில் 12 வாளி! நாலு பேர் வாளியில் மொண்டு குளிக்கிற வீட்டுக்கு 200 லிட்டர் விற்க வருகிறவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அடுத்து, வாளியைக் காசாக்குவோம். 20 லிட்டரை 26இலிருந்து 40 டிகிரிக்கு ஏற்ற மின்சாரம் யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் வாளிக்கு 2 ரூபாய். அவ்வளவுதான்! 100 லிட்டர் ஹீட்டர் ஆண்டுக்கு 1,500 யூனிட் வரை மிச்சம் பிடிக்கும் என்று சொல்வார்கள். பொய்யில்லை, 12 வாளியையும் 365 நாளும் பயன்படுத்தினால். அப்போது ஆண்டுக்கு 8,700 ரூபாய் அளவுக்கு மிச்சம். 20,000 ரூபாய்க்கு வாங்கிய டியூப் ஹீட்டர் இரண்டரை ஆண்டுக்குள் போட்ட பணத்தைத் திருப்பிவிடும். தினம் 4 வாளி மட்டும் என்றால் ஆண்டுக்கு 2,900 ரூபாய், மீள ஏழு ஆண்டு. மழை, பனி மாதங்களில் 120 நாள், 4 வாளி என்றால் 960 ரூபாய், 20 ஆண்டுக்கு மேல்! அதற்குள் ஹீட்டரே ஓய்வு பெற்றுவிடும். தோப்பில் விழுந்த தென்னை மட்டையை அடுப்பில் வைத்து அண்டாவில் காய்ச்சும் வீட்டுக்கு ரொக்க மிச்சம் ஒன்றுமில்லை. புகையிலிருந்து விடுதலை உண்டு.

கணக்கில் இரண்டு திருத்தம். இரண்டு மாதப் பில் 500 யூனிட் விளிம்பில் இருக்கும் வீடு என்றால், மின் கீசரை நிறுத்திச் சோலாருக்கு மாறுவதில் லாபம் இன்னும் கூடும். 500ஐத் தாண்டினால் கட்டணத்தின் கீழ்ப்படிகளிலும் சலுகை குறையும். அடுத்தது, வீட்டுக்கூரை சூரிய மின் தகடுகளுக்கு 2024இல் வந்த மத்திய அரசின் மானியத்தை ஹீட்டரோடு குழப்பாதீர்கள். ஹீட்டருக்கு முன்பு இருந்த 30 சதவீத மானியம் 2014இலேயே நின்றுவிட்டது. ஜி.எஸ்.டி. மட்டும் 2025 செப்டம்பரில் 12இலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது.

ஆக, கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு வாரம் வாளியை எண்ணுங்கள். வயதானவர்கள், கைக்குழந்தை, தினமும் வெந்நீர், பாத்திரம் கழுவவும் வெந்நீர் என்று ஒரு நாளைக்கு எட்டு வாளியைத் தாண்டுகிறதா? தயங்காமல் வாங்குங்கள். மூன்று வாளியோடு நிற்கிறதா? மார்கழிக்கு மட்டும் ஒரு சின்ன கீசர் போதும். மிச்சப் பணத்துக்கு வேறு செலவா இல்லை!