மிளகுத் தண்ணீரில் புதிய உலகம்!
ஜவுளிக் கடைக்காரர் கண்ட அதிசயம்

"எனக்கு நன்றாக எழுத வராது. நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல. வியாபாரம் மட்டுமே பழகியவன். பிறர் குறை சொன்னால் எனக்குப் பிடிக்காது."

தன்னை இப்படி யாராவது அறிமுகம் செய்துகொள்வார்களா?

ஒருவர் செய்துகொண்டார். உலகின் பெரிய விஞ்ஞானிகள் கூடியிருந்த லண்டன் ராயல் சொசைட்டிக்கு, இந்தக் கருத்தில் 1673-ம் ஆண்டில் அவர் கடிதம் எழுதினார்.

அவர் பெயர் லூவன்ஹாக். ஹாலந்து நாட்டில் டெல்ப்ட் என்ற ஊரைச் சேர்ந்தவர். அப்போது அவருக்கு வயது 40.

கூடை முடைபவர் மகன்

லூவன்ஹாக் 1632-ம் ஆண்டில் பிறந்தார். தகப்பனார் கூடை முடைபவர். பையன் சிறுவனாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார்.

16 வயதில் லூவன்ஹாக் ஆம்ஸ்டர்டாம் நகருக்குப் போனார். அங்கே ஒரு ஜவுளிக் கடையில் தொழில் பழகினார். பிறகு ஊர் திரும்பி, கலியாணம் செய்துகொண்டு, சொந்தமாக ஜவுளிக் கடை வைத்தார்.

1660-ல் நகர மன்றத்தில் ஒரு வேலை கிடைத்தது. அதிகாரிகள் கூடும் மண்டபத்தைத் திறந்து, மூடி, சுத்தமாக வைத்துக்கொள்ளும் வேலை.

கல்லூரி வாசலை அவர் மிதித்தது இல்லை. அந்தக் காலத்துப் படிப்பாளிகளின் மொழி லத்தீன். அதுவும் அவருக்குத் தெரியாது. தாய்மொழியான டச்சு மட்டுமே தெரியும்.

ஆனால், "இது என்ன? ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்கும் குணம் அவரிடம் இருந்தது. அதுதான் அவருடைய சொத்து!

கையளவு கருவி

ஜவுளி வியாபாரிகள் துணியின் இழைகளைப் பார்க்க பூதக் கண்ணாடி வைத்திருப்பார்கள். லூவன்ஹாக் அதைவிட நல்ல கண்ணாடி வேண்டும் என்று நினைத்தார். தானே செய்யத் தொடங்கினார்.

கண்ணாடியை மணி போலச் சிறிதாக்கினார். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே அதைப் பொருத்தினார். பார்க்க வேண்டிய பொருளை ஓர் ஊசி முனையில் வைத்து, திருகாணியால் மேலும் கீழும் நகர்த்தினார்.

கருவி உள்ளங்கையில் அடங்கிவிடும். கண்ணுக்கு மிக அருகே பிடித்துப் பார்க்க வேண்டும். இன்றும் மிஞ்சியிருக்கும் அவருடைய கருவிகளில் ஒன்று, பொருளை ஏறக்குறைய 270 மடங்கு பெரிதாகக் காட்டுகிறது!

தேனீயின் கொடுக்கு, பேன், பூஞ்சைக் காளான்... கையில் கிடைத்ததை எல்லாம் பார்த்தார். பார்த்ததை லண்டனுக்கு எழுதினார்.

ஏரியில் என்ன?

டெல்ப்ட் நகருக்கு அருகே ஓர் ஏரி. குளிர் காலத்தில் அதன் தண்ணீர் தெளிவாக இருக்கும். கோடையில் கலங்கி, பச்சை படர்ந்துவிடும். "எல்லாம் பனி விழுவதால்" என்று ஊரார் சொன்னார்கள்.

லூவன்ஹாக் அதோடு விடவில்லை. 1674-ல் அந்தத் தண்ணீரைக் குப்பியில் கொண்டுவந்து பார்த்தார். உள்ளே மிகச் சிறிய பிராணிகள் நீந்திக்கொண்டிருந்தன!

அடுத்து, மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்ற சந்தேகம் அவருக்கு எழுந்தது. நாக்கைக் குத்தும் ஏதோ ஒன்று அதில் இருக்க வேண்டும் என்று எண்ணினார். மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டார்.

சில வாரங்கள் சென்றன. 1676-ம் ஆண்டு ஏப்ரலில் ஒரு துளியை எடுத்துப் பார்த்தார். காரத்தின் காரணம் தெரியவில்லை. ஆனால் ஏரியில் கண்டவற்றைவிட மிக மிகச் சிறிய உயிர்கள் கணக்கில்லாமல் நெளிந்தன!

அவற்றையே நாம் இன்று பாக்டீரியா என்கிறோம்.

நம்ப மறுத்தார்கள்

இதைப் பற்றி லண்டனுக்கு நீண்ட கடிதம் எழுதினார். அங்கே பலர் நம்பவில்லை. ஒரு துளித் தண்ணீரில் ஆயிரம் ஆயிரம் பிராணிகளா? முதலில் சோதித்தவர்களுக்கு எதுவும் தென்படவும் இல்லை.

லூவன்ஹாக்கின் பெயரே கெட்டுவிடும் போல் இருந்தது.

அவர் கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. பாதிரியார்கள் உள்பட 8 பேரை அழைத்து, தன் கருவியில் பார்க்கச் செய்தார். "நாங்களும் கண்ணால் கண்டோம்" என்று அவர்களிடம் சாட்சி எழுதி வாங்கி அனுப்பினார்.

லண்டனில் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி மிளகுத் தண்ணீரை வைத்து மீண்டும் சோதித்தார். 1677 நவம்பரில் அந்தப் பிராணிகள் அவர் கண்ணிலும் பட்டன! சங்கத்தார் பார்த்து வியந்தார்கள்.

1680-ல் ராயல் சொசைட்டி லூவன்ஹாக்கை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. லத்தீன் தெரியாத கடைக்காரர், அறிஞர்களுக்குச் சமமாக ஆனார்!

பல்லில் ஒரு பட்டணம்

லூவன்ஹாக் தினமும் காலையில் உப்பால் பல் தேய்ப்பார். அப்படியும் பல் இடுக்கில் மாவு போன்ற அழுக்குச் சேர்ந்திருந்தது. 1683-ல் அதை எடுத்துப் பார்த்தார்.

அதிலும் உயிர்கள்! "ஹாலந்து நாட்டு மக்கள் தொகையைவிட என் வாயில் வாழும் பிராணிகள் அதிகம்" என்ற கருத்தில் எழுதினார்.

சூடான காப்பி குடித்தபின் பார்த்தபோது, முன்பற்களில் அவற்றைக் காணோம். சூடு பட்டால் அவை சாகும் என்று கண்டுகொண்டார்.

இந்த உயிர்களில் சில நோயை உண்டாக்கும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அவர் இறந்து 150 ஆண்டுகளுக்குப் பிறகே, பாஸ்டர், காக் போன்ற விஞ்ஞானிகள் அதை உறுதியாக நிலைநாட்டினார்கள். காசநோய்க் கிருமியை காக் அறிவித்தது 1882-ல். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், கையைக் கழுவுங்கள் என்று இன்று சொல்கிறோமே, அதன் காரணம் இந்தச் சிறு உயிர்கள்தான்.

கடைசி வரை கடிதம்

ரஷ்ய மன்னர் பீட்டரே 1698-ல் அவருடைய கருவியில் பார்த்து மகிழ்ந்தார். புகழ் வந்த பிறகும் லூவன்ஹாக் மாறவில்லை. ராயல் சொசைட்டிக்கு 50 ஆண்டுகளில் அவர் எழுதிய கடிதங்கள் ஏறக்குறைய 190. எல்லாம் டச்சு மொழியில்தான்! அவற்றை மொழிபெயர்த்துப் படித்துக்கொள்வது லண்டன்காரர்களின் வேலை ஆயிற்று.

1723-ல், 90-வது வயதில் அவர் காலமானார். வாழ்க்கையின் கடைசி நாட்களிலும் கடிதம் அனுப்புவதை அவர் நிறுத்தவில்லை.

"ஏன்?" என்று உங்கள் குழந்தை கேட்டால், "சும்மா இரு" என்று அடக்காதீர்கள். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், இருவருமாகச் சேர்ந்து பாருங்கள். மிளகைப் பற்றிய ஒரு கேள்விதான் புதிய உலகத்தையே காட்டியது!