பாலைவனத்திற் பணமில்லா ஒரு வாரம்: ‘பேர்னிங் மேன்’ கலைவிழா பற்றிய ஒரு நோக்கு

கலைவிழா என்றதும் நாம் பொதுவாக மனங்கொள்வது ஒரு மேடையையும் அதன்முன் அமர்ந்திருக்கும் அவையினையுமாகும். கலைஞன் ஆற்றுகிறான், அவையோர் நுகர்கின்றனர், இருவருக்குமிடையே அநுமதிச்சீட்டு நிற்கிறது. ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள பிளக் றொக் பாலைவனத்தில், ஆண்டுதோறும் ஆகஸ்ட் இறுதியிலிருந்து செப்டெம்பர் முற்பகுதிவரை நடைபெறும், ‘எரியும் மனிதன்’ எனப் பொருள்படும் ‘பேர்னிங் மேன்’ விழா இவ்வமைப்பினைத் தலைகீழாக்க முயல்வதாகும். விழா எல்லைக்குள் விற்பனை இல்லை, விளம்பரம் இல்லை, வெறும் பார்வையாளராக எவரும் இருத்தலாகாது என்பதும் விதி. ஆயினும், வாயிலில் அநுமதிச்சீட்டு மட்டும் மறையவில்லை. பணத்தை விலக்கிய இவ்விழாவினைப் பணமே தாங்கி நிற்பது எவ்வாறு என்பதனை இங்கு ஆராய முற்படுவோம்.

முதலில் இடத்தை நோக்குவோம். பனிக்கட்டிக் காலத்தில் இருந்து பின்னர் வற்றிப்போன லஹொன்ரன் என்னும் பேரேரியின் படுக்கையே இச்சமவெளி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,190 மீற்றர் உயரத்தில், புல் பூண்டு எதுவுமின்றி வெண்மையாக விரிந்து கிடக்கிறது. பகலில் வெயில் சுட்டெரிக்கும். இரவில் குளிர் நடுக்கும். மண்ணோ காரத்தன்மை மிக்கது. வெறுங்காலுடன் திரிபவரின் பாதம் வெடித்துப் புண்ணாகும். வினாகிரி கலந்த நீரினாற் கழுவுவதே அதற்குக் கைகண்ட மருந்து. புழுதிப்புயல் எழுந்தாற் கையெட்டும் தூரத்தில் நிற்பவரும் தெரியார். ஆகவே விழாவுக்குச் செல்வோர் கண்காப்பு, முகமூடி, கூடாரம், உணவு, ஆளொருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 லீற்றர் நீர் ஆகிய யாவற்றையும் தாமே சுமந்து செல்லல் வேண்டும். குப்பைத் தொட்டி ஒன்றேனும் அங்கு இல்லை. கொண்டுவந்ததை மீளக் கொண்டுசெல்வது அவரவர் கடன்.

விழாவின் தோற்றம் மிக எளியது. 1986 ஜூன் மாதத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரின் பேக்கர் கடற்கரையில் லரி ஹார்வி, ஜெரி ஜேம்ஸ் என்னும் இருவர், ஏறத்தாழ எட்டடி உயரமான மரப்பாவை ஒன்றைச் செய்து எரித்தனர். அங்கு நின்ற சிலர் தாமாகவே அதனைச் சூழ்ந்துகொண்டனர். அப்பாவைக்கு இன்ன பொருள்தான் உண்டென வரையறுக்க ஹார்வி இறுதிவரை மறுத்தே வந்தார். விழா நிலைத்தமைக்கு இம்மறுப்பும் ஒரு காரணம் என்பது எமது கருத்து. பொருள் குறிக்கப்பட்டிருந்தால் அது ஒரு கூட்டத்தாரின் சடங்காகச் சுருங்கியிருக்கும். 1990 இல், அப்போது நாற்பதடியாக வளர்ந்திருந்த பாவையைக் கடற்கரையில் எரிக்கப் பொலிசார் தடைவிதித்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் நூறு பேருக்கும் குறைவான குழுவொன்று அதனைப் பாலைவனத்துக்கு எடுத்துச்சென்று எரித்தது.

தொடக்க ஆண்டுகளில் அங்கு விதிகள் மிகச் சிலவே. வாகனங்கள் விரும்பிய வேகத்தில் ஓடின. துப்பாக்கிச் சூடும் ஒரு விளையாட்டாக நிகழ்ந்தது. 1996 இல் கூட்டம் எண்ணாயிரமளவில் இருந்தபோது இந்நிலை முடிவுக்கு வந்தது. விழா தொடங்குமுன் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் விபத்தில் இறந்தார். பின்னர் கூடாரங்களுள் உறங்கியோர்மீது மோட்டார் வண்டி ஏறியதிற் சிலர் படுகாயமுற்றனர். கட்டற்ற சுதந்திரமே விழாவின் உயிர் எனக் கருதியோர் சிலர் அத்துடன் விலகினர். எஞ்சியோர் நகரமொன்றை அமைத்தனர். ஒருபுறம் திறந்த வளையமாக வீதிகள் வகுக்கப்பட்டன. மையத்திற் பாவை நின்றது. குறுக்கு வீதிகள் கடிகாரத்தின் இரண்டு மணி முதற் பத்து மணிவரையான பெயர்களைப் பெற்றன. துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டன, கலைவாகனங்கள் தவிர்ந்த ஏனையவை ஓடுதலும் நின்றது. மக்கள் துவிச்சக்கர வண்டியிலும் கால்நடையாகவும் திரிந்தனர். 2019 இல் இந்நகரின் குடித்தொகை எண்பதினாயிரத்தை நெருங்கியது.

இனிக் கொடைக்கு வருவோம். 2004 இல் ஹார்வி எழுதிய பத்துக் கொள்கைகளுள் கொடையும் பண்டமாக்கலை மறுத்தலும் முக்கியமானவை. இவ்விழாவிற் பண்டமாற்று நடைபெறுவதாகச் சிலர் எழுதுவதுண்டு. அது பொருந்தாது. பண்டமாற்றில் ஈடு உண்டு; இங்கு ஈடு எதிர்பார்க்கப்படுவதில்லை. ஒருவர் காலையில் அப்பம் சுட்டுக் கொடுக்கிறார். இன்னொருவர் பழுதுற்ற துவிச்சக்கர வண்டியைத் திருத்துகிறார். மற்றொருவர் வயலின் கற்பிக்கிறார். பெற்றவர் கொடுத்தவருக்கே திருப்பிக் கொடுக்கவேண்டியதில்லை. கொடையென்பது என்றும் கைம்மாற்றுக் கடனை உடன்கொணர்வது என 1925 இல் வாதிட்ட மானிடவியலாளர் மார்செல் மோஸின் கூற்றினை இது மறுப்பதுபோலத் தோன்றும். ஆயின் அவர்கள் வைக்கும் கடன் தனியொருவருக்கன்றி முழு நகருக்கும் உரியது. ஏதும் கொடாது ஒரு வாரம் முழுவதும் பெற்றுத் திரிபவரை அங்குள்ளோர் நன்மதிப்புடன் நோக்குவதில்லை.

விற்பனை முற்றாக இல்லையென்றும் கூறுவதற்கில்லை. உணவு கெடாதிருக்க ஐஸ் விற்கப்படுகிறது. நீண்டகாலம் கோப்பியும் விற்கப்பட்டது. இவை சிறு விலக்குகள். பெரிய விலக்கு வாயிலுக்கு வெளியே உள்ளது. 2023 இல் பொதுவிற்பனைச் சீட்டொன்றின் விலை 575 டொலர். பயணம், வாகனம், கூடாரம், உணவு, ஒரு வார விடுமுறை என்பவற்றையும் சேர்த்து நோக்கினால், கடையில் நின்று நாட்கூலி பெறுபவர் இவ்வாழ்வினைச் சுவைப்பது எளிதன்று. குறைந்த வருமானத்தினருக்குச் சலுகைச் சீட்டுகள் உண்டு. எனினும் அவை ஒரு பகுதியே. மறுபுறம் சமையற்காரரையும் பணியாளரையும் கூலிக்கமர்த்தி, குளிரூட்டிய வண்டிகளில் தங்கிச் செல்லும் செல்வர் முகாம்களும் தோன்றின. 2014 அளவில் இவை பெருங் கண்டனத்துக்கு உள்ளாயின. 2019 இல் அத்தகைய முகாமொன்று மீள இடம்பெற ஏற்பாட்டாளர் மறுத்தனர். செல்வர் வந்தமை எமக்கு வியப்பளிக்கவில்லை. விலைக்கு வாங்கமுடியாத ஒன்றை வாங்க முற்படுவது செல்வத்தின் இயல்பு.

கலைப்படைப்புகளிலும் இம்முரண் தெரிகிறது. பாலைவனத்தில் நிற்கும் சிற்பங்களைத் தொடலாம், பலவற்றில் ஏறலாம்; பல அவ்வாரத்திலேயே எரிக்கப்படும். மார்க்கோ கொக்ரேன் வடித்த ‘பிளிஸ் டான்ஸ்’ என்னும் நாற்பதடிப் பெண்ணுருவம் 2010 இல் அங்கு நின்றது. 2016 முதல் அது லாஸ் வேகாஸ் நகரிற் சூதாட்ட விடுதிகளுக்கு நடுவே நிற்கிறது. உருவம் ஒன்றே, இடம் மாறியதும் பணி மாறிவிட்டது.

ஆயின் இத்தகைய இடமாற்றத்துக்கு உட்படாத ஒன்றும் அங்குண்டு. 2000 ஆம் ஆண்டில் டேவிட் பெஸ்ற் என்னும் சிற்பி, விபத்தில் இறந்த நண்பரொருவரின் நினைவுடன் மரத்தாற் கோவிலொன்றை எழுப்பினார். அன்றுதொட்டு விழாதோறும் கோவில் அமைகிறது. எச்சமயத்துக்கும் உரியதன்று. மக்கள் இறந்த தம்மவரின் பெயர்களைச் சுவர்களில் எழுதுகின்றனர். புகைப்படங்களையும் கடிதங்களையும் வைக்கின்றனர். பாவை ஆரவாரத்துடன் எரியும். மறுநாள் இரவு கோவில் எரியும்போது பல்லாயிரவர் பேச்சற்று அமர்ந்திருப்பர். துயரத்துக்குப் பொது இடமொன்றை அமைத்தமையே இவ்விழாவின் மிகச் சிறந்த படைப்பு என்போம்.

2020 இலும் 2021 இலும் கொள்ளைநோயினால் விழா பாலைவனத்தில் நடைபெறவில்லை. 2023 இல் பெருமழை பெய்து ஏரிப்படுக்கை சேறாகியது. எழுபதினாயிரம் பேரளவில் வெளியேற வழியின்றி நின்றனர்; உணவையும் நீரையும் சிக்கனமாகப் பயன்படுத்துமாறு அறிவிக்கப்பட்டது. சனி இரவு எரியவேண்டிய பாவை திங்கள் இரவே எரிந்தது. கையிலிருந்த டொலரால் அச்சேற்றில் ஒரு வாகனத்தையும் நகர்த்த முடியவில்லை. அயற்கூடாரத்தவரின் அடுப்பே பயன்பட்டது.

விழா முடிந்தபின் நிகழ்வது வெளியாருக்கு அதிகம் தெரியாது. நிலம் கூட்டரசுக்குரியது. ஓர் ஏக்கருக்குச் சராசரி ஒரு சதுர அடிக்கு மேற் குப்பை எஞ்சலாகாது என்பது அரசின் நிபந்தனை. எனவே துப்புரவுப் பணியாளர் வரிசையாக நின்று, தலைகுனிந்து, நிலத்தை அடியடியாகத் தேடிச் செல்வர். ஆணி, மரச்சிராய், இறகு, சீக்குவின் பொட்டு என யாவும் பொறுக்கப்படும். இப்பணி வாரக்கணக்கில் நீளும். இவர்களுட் சிலர் தொண்டர். சிலர் சம்பளம் பெறுவோர்.