மன்னித்தவர்கள் கேட்கும் கணக்கு

உடுமலைப்பேட்டையில் கல்லூரி மாணவர்களுக்குப் பொருளாதாரம் கற்பித்த காலத்தில், இலங்கையின் கட்டுநாயக்கா எனக்கு ஒரு பாடத்தின் பெயராகவே பழகியிருந்தது. 1978-இல் அங்கே சுதந்திர வர்த்தக வலயம் அமைந்தது. ஆயத்த ஆடை ஏற்றுமதியில் திருப்பூரோடு போட்டியிடும் ஊர்களில் அதுவும் ஒன்று. நூற்பாலைகளிலும் பின்னலாடை நிறுவனங்களிலும் பெற்றோர் வேலை செய்யும் மாணவர்களுக்கு அந்த ஒப்பீடு எளிதில் விளங்கும். கட்டுநாயக்காவை அடுத்துள்ள நீர்கொழும்பைப் பற்றி வகுப்பில் சொல்ல வேண்டிய அவசியம் ஒருபோதும் நேர்ந்ததில்லை. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்றுதான் அந்த ஊரின் பெயர் திரும்பத் திரும்ப நம் செவியில் விழுந்தது.

அன்று காலை கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்று வழிபாட்டிடங்களிலும், கொழும்பின் மூன்று ஆடம்பர விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் நூறு பேருக்கு மேல் கட்டுவாப்பிட்டியவில் மட்டும் இறந்தவர்கள். மட்டக்களப்பில் இறந்தவர்களில் பலர் சிறுவர்கள். குண்டோடு வந்தவனை உள்ளே விடாமல் வாசலிலேயே தடுத்து நிறுத்திய ஒரு விசுவாசியால் அங்கே எண்ணிக்கை குறைந்தது. அவர் உயிர் பிழைக்கவில்லை. சிங்களரும் தமிழரும் ஒரே காலையில், ஒரே காரணத்துக்காகக் கொல்லப்பட்டனர். உள்நாட்டுப் போர் முடிந்து பத்தாண்டுகள் நிறைவடைய அப்போது ஒரு மாதமே இருந்தது.

பொருளாதாரச் சேதம் விரைவில் தெரிந்தது. 2018-இல் 23 லட்சமாக இருந்த சுற்றுலாப் பயணிகளின் வருகை 2019-இல் 19 லட்சமாகச் சரிந்தது. என் கேள்வி அதைப் பற்றியது அன்று. தன் மிகப் பெரிய திருநாளில், தன் ஆலயத்துக்குள்ளேயே வெட்டுண்ட ஒரு சமயச் சமூகம், தன் நம்பிக்கைக்கு உண்மையாக இருக்க என்ன செய்ய வேண்டும்? கிறிஸ்தவ மரபில் இதற்கான விடை 'புனிதம்' என்ற சொல்லில் அடங்கியிருக்கிறது. அச்சொல்லை நாம் பெரும்பாலும் தவறாகவே புரிந்துகொள்கிறோம்.

புனிதம் என்றதும் உலகை விட்டு ஒதுங்குதல், உபவாசம், மௌனம் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. 'வேறாகப் பிரித்து வைக்கப்பட்டது' என்பதே எபிரேய மூலச்சொல்லின் பொருள் என்பதும் உண்மை. ஆனால், மக்கள் தூயோராக இருக்க வேண்டும் என்று கட்டளையிடும் லேவியர் நூலின் 19-ஆம் அதிகாரம் அடுத்து எதைப் பேசுகிறது என்று பாருங்கள். வயலின் ஓரத்தை ஏழைக்காக அறுக்காமல் விட வேண்டும். கூலியாளின் கூலியை மறுநாள் காலை வரை பிடித்து வைக்கக் கூடாது. எடைக்கல்லும் முகத்தலளவையும் சரியாக இருக்க வேண்டும். பொருளாதாரம் படித்தவனுக்கு இது பரிச்சயமான உலகம். வாரக்கூலி கொடுபடும் சனிக்கிழமை மாலையை அறிந்த நம் பகுதித் தொழிலாளர்களுக்கு விளக்கவுரையே தேவைப்படாது.

அதே அதிகாரத்தில் இன்னும் இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. தவறு செய்த அயலானை அவன் முகத்துக்கு நேரே கண்டிக்க வேண்டும் என்பது ஒன்று. அவனைப் பழிவாங்கக் கூடாது, வன்மம் வைக்கக் கூடாது என்பது மற்றொன்று. கண்டிப்பதும் பழிவாங்காமல் இருப்பதும் ஒரே தூய்மையின் இரு கூறுகளாக அங்கே சொல்லப்படுகின்றன. இலங்கைத் திருச்சபை 2019-க்குப் பிறகு நடந்து வந்த பாதையை இந்த அடிப்படையில்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

அந்நாட்டுக்கு இதில் ஒரு முன்னோடி உண்டு. கோவாவைச் சேர்ந்த அருட்தந்தை ஜோசப் வாஸ், டச்சுக்காரர்கள் கத்தோலிக்கரை ஒடுக்கிய 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர். தமிழும் சிங்களமும் கற்றவர். கண்டியில் பெரியம்மை பரவி, நோயாளிகளை உறவினர்களே கைவிட்டு ஓடியபோது, ஊரை விட்டுப் போகாமல் அவர்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களைப் புதைத்தார். போப் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். பேரிடரின்போது தப்பிப் போகாமல் இருப்பதும் புனிதத்தின் அடையாளம் என்பதை அந்நாட்டு மக்கள் நேரில் கேட்டு ஐந்து ஆண்டுகள்கூட முழுதாகக் கடக்காத நிலையில்தான் ஈஸ்டர் குண்டுகள் வெடித்தன.

முதல் சோதனை சில நாள்களிலேயே வந்தது. கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித், ஆலயங்களில் பொது வழிபாட்டை நிறுத்தி, ஏப்ரல் 28 ஞாயிறு திருப்பலியைத் தன் இல்லத்திலிருந்து தொலைக்காட்சி வழியே நிறைவேற்றினார். மே மாதத் தொடக்கத்தில் நீர்கொழும்பில் மோதல் மூண்டபோது நேரில் சென்று, ஒரு முஸ்லிமைக்கூடத் துன்புறுத்தக் கூடாது என்று தம் மக்களிடம் மன்றாடினார். அப்பகுதியில் மது விற்பனையைத் தடைசெய்யும்படியும் அரசைக் கேட்டுக்கொண்டார். கலவரத்தின் இயக்கம் அறிந்தவரின் கோரிக்கை அது.

ஆனாலும் எல்லோரும் கேட்கவில்லை. நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான பாகிஸ்தானிய, ஆப்கானிய அகதிகள் விரட்டப்பட்டனர். தம் நாட்டில் சமயக் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்த அகமதியரும், கிறிஸ்தவர் சிலருமேகூட அவர்களில் இருந்தனர். மே 13 அன்று வடமேல் மாகாணத்திலும் கம்பகா மாவட்டத்திலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, ஒருவர் கொல்லப்பட்டார். நாம் இதைத் தொலைதூரக் கதையாகப் படிக்க இயலாது. 1997 இறுதியில் கோவைக் கலவரம், 1998 பிப்ரவரி 14-இல் 58 உயிர்களைக் குடித்த தொடர் குண்டுவெடிப்பு என்று பழியும் எதிர்ப்பழியும் ஒரு தொழில் நகரத்தை என்ன செய்யும் என்பதைப் பார்த்தவர்கள் நாம்.

2020 ஈஸ்டர் அன்று, தங்களை அழிக்க வந்தவர்களைத் தாங்கள் மன்னித்துவிட்டதாகக் கர்தினால் அறிவித்தார். அதற்குப் பிறகுதான் அவருடைய குரல் மேலும் உரத்தது. தாக்குதல் பற்றி இந்திய உளவுத் துறை முன்கூட்டியே எச்சரித்திருந்தது. காத்தான்குடி முஸ்லிம்களே சஹ்ரான் ஹாஷிமின் போக்கு பற்றிக் காவல்துறையில் முறையிட்டிருந்தனர். பிறகு ஏன் தடுக்கவில்லை, யார் பின்னால் இருந்தார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மன்னித்துவிட்டவருக்கு நீதிமன்றத்தில் என்ன வேலை என்று சிலர் வினவினர்.

இங்கே வங்கியியலிலிருந்து ஓர் உதாரணம் உதவும். வாராக்கடனைக் கணக்கேட்டிலிருந்து நீக்குவதும் கடனைத் தள்ளுபடி செய்வதும் ஒன்றல்ல. நம் நாளிதழ்கள் இரண்டையும் 'தள்ளுபடி' என்றே எழுதி வாசகரைக் குழப்புகின்றன. ஏட்டிலிருந்து நீக்கிய பிறகும் கடன்பட்டவரின் பொறுப்பு நீங்குவதில்லை. வசூல் நடவடிக்கை தொடரும். இயேசு கற்பித்த இறைவேண்டலின் மத்தேயு வடிவத்தில், பாவத்தைக் குறிக்க 'கடன்' என்ற சொல்லே கிரேக்கத்தில் உள்ளது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் அதுவே. பாதிக்கப்பட்டவர் தம் நெஞ்சின் ஏட்டிலிருந்து வன்மத்தை நீக்கலாம். குடிமக்களைக் காக்கத் தவறிய அரசின் கடனைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் அவருக்கும் இல்லை, ஆயருக்கும் இல்லை. 1999-இல் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவரையும் இரு மகன்களையும் உயிரோடு எரித்தவர்களை மன்னித்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையாரும், மன்னிப்பு வேறு, குற்றத்தின் சட்ட விளைவு வேறு என்பதில் தெளிவாக இருந்தார்.

இலங்கையில் வசூல் ஓரளவு நடந்தது. பாதிக்கப்பட்டோரும் அருட்தந்தையரும் வழக்கறிஞர்களும் தொடுத்த அடிப்படை உரிமை வழக்குகளில் 2023 ஜனவரி 12 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தது. முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும். முன்னாள் பாதுகாப்புச் செயலாளரும், காவல்துறை, உளவுத் துறைகளின் தலைமையில் இருந்தவர்களும் தனித்தனியே தர வேண்டும். சிறிசேன தவணை தவணையாகச் செலுத்தினார். வேறு யாரோ செய்த செயலுக்குத் தாம் மன்னிப்புக் கேட்பதாக அவர் சொன்னதைத் திருச்சபை ஏற்கவில்லை. என் பார்வையில் அது சரியே. கடனை ஒப்புக்கொள்ளாதவரிடம் கடனை மன்னிப்பது எப்படி?

எனினும் தமிழ் வாசகர் மனத்தில் எழும் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2011-இல் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், போரின் இறுதிக் கட்டத்தில் 1,46,679 பேர் என்ன ஆனார்கள் என்று அரசு ஆணைக்குழுவின் முன் கணக்குக் கேட்டார். 2012-இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானம் வந்தபோது, அதை வெளித் தலையீடு என்று எதிர்த்தவர்களில் கர்தினாலும் ஒருவர். பத்தாண்டுகளுக்குப் பின், 2022-இல், ஈஸ்டர் தாக்குதலுக்கு நீதி கேட்டு அவரே ஜெனிவாவில் அதே பேரவையின் முன் நின்றார். துயரம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது என்று நான் எண்ண விரும்புகிறேன். முள்ளிவாய்க்காலில் உறவினரை இழந்த கத்தோலிக்கத் தமிழர்கள் அவ்வளவு எளிதாக எண்ண மாட்டார்கள். எடைக்கல் இரண்டாக இருக்கக் கூடாது என்பதும் அந்த லேவியர் அதிகாரத்தின் கட்டளைதான்.

2025 ஏப்ரல் 21, ஆறாம் நினைவு நாளில், கொல்லப்பட்ட கத்தோலிக்கர் 167 பேரின் பெயர்களை 'நம்பிக்கையின் சாட்சிகள்' பட்டியலில் வத்திக்கான் சேர்த்திருப்பதாகக் கர்தினால் அறிவித்தார். புனிதர் பட்டம் இதனால் உடனே வந்துவிடாது. மறைச்சாட்சி என்று ஏற்க, கொன்றவர்கள் சமய வெறுப்பினால் கொன்றார்கள் என்பது நிறுவப்பட வேண்டும். சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்கள் இப்பட்டியலில் வரமாட்டார்கள். அவர்களது மரபில் பட்டமளிக்கும் முறை கிடையாது. விசுவாசிகள் எல்லோருமே அங்கே 'பரிசுத்தவான்கள்'. ஆக, ஒரே காலையில் இறந்தவர்களின் புனிதத்துக்கு இரு சபைகளும் இரு இலக்கணங்களை வைத்திருக்கின்றன. குண்டு வைத்தவர்களுக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கட்டுவாப்பிட்டிய ஆலயம் அந்த ஆண்டிலேயே செப்பனிடப்பட்டது. உயிர்த்த கிறிஸ்துவின் சிலை ஒன்றின் மீது அன்று தெறித்த இரத்தத்தை மட்டும் அவர்கள் கழுவவில்லை. கறையோடு அந்தச் சிலையைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கிறார்கள்.