பொதுத் தோட்டக் கட்டுப்பாடுகள்

பொதுத் தோட்டக் கட்டுப்பாடுகள் என்பவை, பலர் கூட்டாக உரிமை கொண்ட குடியிருப்பு வளாகத்தில் மரம் நடுதல், வெட்டுதல், தரையை மூடுதல் போன்ற பணிகளை வரையறுக்கும் பத்திர நிபந்தனைகளும் சங்க விதிகளும் ஆகும். சென்னை மயிலாப்பூரில் பழைய தோட்ட வீடுகள் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாறியுள்ளன. அவற்றில் எஞ்சிய மண்ணை யார், எவருடைய ஒப்புதலுடன் மாற்றலாம் என்பதை இக்கட்டுப்பாடுகளே தீர்மானிக்கின்றன.

தோற்றம்

இத்தகைய நிபந்தனைகளுக்கான சட்டக் கோட்பாடு ஒரு தோட்ட வழக்கில் உருவானது. 1808இல் இலண்டன் லெஸ்டர் சதுக்கத் தோட்டத்தை விற்ற டல்க் என்பவர், அதில் கட்டடம் எழுப்பாது தோட்டமாகவே பேணவேண்டும் என்று பத்திரத்தில் நிபந்தனை விதித்தார். பின்னர் அதனை வாங்கிய மாக்சே என்பவர், நிபந்தனையை அறிந்தே வாங்கியமையால் அதற்குக் கட்டுப்பட்டவர் என 1848இல் தீர்ப்பளிக்கப்பட்டது.

இந்தியச் சட்டம்

இக்கோட்பாடு சொத்துரிமை மாற்றச் சட்டம், 1882இன் 40ஆம் பிரிவில் இடம்பெற்றுள்ளது. இதன்படி, அண்டை நிலத்தின் நலனுக்காக விதிக்கப்பட்ட தடை, அதனை அறிந்து வாங்கியவரையும் விலையின்றிப் பெற்றவரையும் கட்டுப்படுத்தும். தடையை அறியாமல் விலை கொடுத்து வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில்

குடியிருப்பை வாங்குபவர் பொதுவாக வீட்டுடன் மனையில் பிரிபடாத பாகத்தையும் பெறுகிறார். இப்பாகம் தோட்டத்தின் குறிப்பிட்ட ஒரு மூலையைக் குறிப்பதன்று. ஆகவே தரைத்தளத்தில் வசிப்பவர், தம் சன்னலுக்கு எதிரே உள்ளது என்பதால் மட்டும் பொது நிலத்தை வேலியிட்டுத் தமதாக்க இயலாது.

கட்டட மனை விற்பனை (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், 2016 பூங்காக்களையும் பொதுப் பகுதிகளில் சேர்க்கிறது. இச்சட்டம் பொருந்தும் திட்டங்களில், ஒப்புதல் பெற்ற வரைபடத்தையோ பொதுப் பகுதிகளையோ கட்டுமான நிறுவனம் மாற்றுவதற்கு, வீடு ஒதுக்கப்பட்டோரில் மூன்றில் இரு பங்கினரின் எழுத்துமூல ஒப்புதல் தேவை.

ஒப்புதல் முறை

குடியிருப்போர் செய்யும் மாற்றங்களுக்குச் சங்கத்தின் துணைவிதிகள் வழிகாட்டுகின்றன. சங்கங்கள் பல, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ்ப் பதிவு செய்யப்பட்டவை. பொதுக்குழுத் தீர்மானம் பெற்றாலும், கட்டட விதிகள் திறந்தவெளியாக விடச் சொல்லும் பக்க இடைவெளிகளை அடைத்தல் கூடாது. 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பும் பாதிக்கப்படலாகாது. எடுத்துக்காட்டாக, மண்தரை முழுவதையும் சிமெண்டால் மூடினால் மழைநீர் நிலத்தில் இறங்காமல் தெருவுக்கு ஓடும்.

எனவே வீடு வாங்குவோர் கிரயப் பத்திரம், ஒப்புதல் பெற்ற வரைபடம், துணைவிதிகள் ஆகிய மூன்றையும் வாங்குவதற்கு முன்னரே படித்தறிதல் நன்று.