முட்டை ஏற்றுமதி நின்றால் மக்காச்சோளம் தேங்கும்!

அரும்பாவூர் சுற்றுவட்டாரத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் பறவைக் காய்ச்சல் செய்தி உங்களுக்கும் உரியதுதான். பெரம்பலூர் மாவட்ட மக்காச்சோளம் கோழித் தீவனத்துக்கே அதிகம் போகிறது. முட்டைக்கோழித் தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். அதைத் தின்னும் நாமக்கல் கோழிகளின் முட்டை ஓமன் உள்ளிட்ட வளைகுடா நாடுகளுக்குக் கப்பலில் செல்கிறது.

எங்கோ நோய், இங்கே இழப்பு

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் உறுதியானது. இந்தியாவில் அதுவே முதல்முறை. நாமக்கல்லில் நோய் இல்லாவிட்டாலும், பல நாடுகள் இந்திய முட்டைக்குத் தடை விதித்தன. 2012-ல் பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் நோய் வந்தபோது ஓமன் இறக்குமதியை நிறுத்தியது.

ஏற்றுமதி முட்டை உள்ளூரில் குவிந்தால் விலை சரியும். பண்ணையாளர்கள் கோழிகளைக் குறைப்பார்கள். தீவனக் கொள்முதல் சுருங்கி, மக்காச்சோளம் களத்திலேயே தேங்கும். மாறாக, அமெரிக்காவில் இந்நோயால் முட்டைத் தட்டுப்பாடு வந்ததால், 2025-ல் நாமக்கல் முட்டை அங்கும் சென்றது.

ஆதாரம் இருந்தால் தடை குறையும்

ஓரிடத்தில் நோய் வந்தால் நாடு முழுவதையும் ஒதுக்காமல், நோயற்ற பகுதிகளைத் தனியாகக் கருத வேண்டும் என்பது உலக வர்த்தக அமைப்பின் விதி. அமெரிக்கக் கோழிப் பொருள்களுக்கு இந்தியா விதித்த தடை குறித்த வழக்கில், 2015-ல் இந்த அடிப்படையில் இந்தியாவுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. 2023-ல் தமிழ்நாடு உள்பட 4 மாநிலங்களில் 26 கோழிப்பண்ணைத் தொகுதிகள் நோயற்றவை என இந்தியா அறிவித்தது. உலக விலங்கு நல அமைப்பும் அதை ஏற்றது. இந்த நம்பிக்கை நிலைக்க, நோயை மறைக்காமல் சொல்வது அவசியம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* குளிர்காலத்தில் அரியலூர் மாவட்டம் கரைவெட்டிக்கும் மற்ற ஏரிகளுக்கும் வலசைப் பறவைகள் வரும். மானாவாரி மக்காச்சோள அறுவடையும் அதையொட்டியே வருகிறது. அப்போது புறக்கடைக் கோழி, வாத்துகளை ஏரிக்கரையில் மேயவிட வேண்டாம்.

* கோழிகள் திடீரெனக் கூட்டமாக இறந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், விற்காதீர்கள், வாய்க்காலில் வீசாதீர்கள். உடனே கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ தெரிவியுங்கள். நோயைக் கட்டுப்படுத்த அரசு அழிக்கும் கோழிகளுக்கு இழப்பீடு உண்டு. அதற்கு முன்பே இறந்தவற்றுக்குக் கிடையாது.

* மக்காச்சோளத்தை ஈரப்பதம் 14 சதவீதத்துக்குக் கீழ் வரும்வரை காயவையுங்கள். விலை சரிந்திருந்தால் அவசரப்பட்டு விற்காமல், ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் பெற விசாரியுங்கள்.