ஏரி மட்டுமா வேடந்தாங்கல்?

வேடர் தங்கிய ஊர் என்பது வேடந்தாங்கல் என்ற பெயரின் பொருள். ஆனால் அவ்வூருக்குப் புகழ் வந்தது வேட்டையாடியதால் அல்ல, வேட்டையைத் தடுத்ததால்!

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டனர். துப்பாக்கி ஏந்தியவனிடம் ஏர் பிடித்தவன் என்ன பேசுவது என்று ஊரார் ஒடுங்கிவிடவில்லை. செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உரிமைக்கு 1798-இல் கவுல் பெற்றனர்.

ஏன் இந்த அக்கறை? இரக்கம் மட்டுமா? இல்லை, பறவையின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர், வயலுக்கு எருவாகப் பாய்ந்தது. பறவைக்கு மரம் தந்தான். பயிருக்கு உரம் பெற்றான். பள்ளிக்கூடம் காணாத உழவன் கண்ட பொருளாதாரம் அது!

ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். மழைக்காலத்தில் ஏரி நிரம்பியதும், தண்ணீரில் நிற்கும் மரங்களில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், நீர்க்காகம் எனக் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. இத்தனை அலகுகளுக்கும் இந்தச் சிறிய ஏரியா சோறு போடும்? சுற்றுப்புற ஏரிகளிலும் வயல்களிலும் மீனும் நத்தையும் தேடிச் சென்றுதான் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. ஏரி அவற்றுக்குத் தொட்டில். சுற்றியுள்ள ஊர்களோ அடுக்களை!

1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என அறிவிக்கப்பட்டது இதனால்தான் பொருள் பெறுகிறது. 2020-இல் அந்த 5-ஐ 3 ஆக்கும் யோசனை எழுந்தது, எதிர்ப்பும் எழுந்தது. "ஏரியையா தொடுகிறோம்? ஓரத்தைத்தானே!" என்று வாதிப்போர் எக்காலத்திலும் உண்டு. அவர்களை நாம் கேட்கிறோம்: அடுக்களையை இடித்துவிட்டுத் தொட்டிலை மட்டும் ஆட்டினால், பிள்ளையின் பசி அடங்குமா?

எல்லைக்குள் நிலம் வைத்துள்ள உழவருக்கு இடர் நேருமானால், அதைக் களைய வேண்டியது அரசின் கடமை. அந்த இடரைக் காரணம் காட்டி ஆலைக்கு வழி திறப்பது உழவருக்கும் உதவாது, ஏரிக்கும் உதவாது.

2022-இல் வேடந்தாங்கல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மகிழ்கிறோம். ஆனால் பட்டியலைப் படித்தா பறவை வருகிறது? தண்ணீரைப் பார்த்து வருகிறது. இரையைப் பார்த்து வருகிறது.

துப்பாக்கியைத் தடுத்தனர் முன்னோர். ஓசையின்றி ஓரத்தை அரிப்பதைத் தடுக்க வேண்டியவர்கள் நாம்!