பல் எக்ஸ்ரேயில் உங்கள் தோடு ‘பேயா’ வரும், தெரியுமா?

ஜார்ஜ்டவுனில் ஒரு பல் கிளினிக். கடைவாய்ப் பல் வலி தாங்காம போறீங்க. முழுத் தாடையும் ஒரே படத்தில் தெரியுற ஓபிஜி எக்ஸ்ரே எடுக்கணும்னு சொல்றாங்க. கூடவே, “தோடு, மூக்குத்தி, செயின் எல்லாம் கழட்டிடுங்க.” அம்மா கூட வந்திருந்தா, “தாலியுமா?”ன்னு கேட்பாங்க. எக்ஸ்ரே அவங்களுக்குன்னா, ஆமா, அதுவும்தான்.

காரணம் இதுதான். ஓபிஜி மெஷின் உங்கள் தலையைச் சுற்றி வரும். வலது காதுத் தோடு முதலில் அதன் இடத்திலேயே தெளிவா விழும். மெஷின் இடது தாடையைப் படமெடுக்கும்போது, அதே தோடு மறுபடியும் கதிரின் வழியில் குறுக்கே நிற்கும். அதனால் இடது பக்கத்தில், சற்று மேலே, பெரிசா, மங்கலா இன்னொரு தோடு! இதைப் பல் மருத்துவர்கள் ‘கோஸ்ட் இமேஜ்’ என்கிறார்கள். அந்த வெள்ளை நிழலுக்குப் பின்னால் என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

“டிஜிட்டல்தானே, கம்ப்யூட்டரில் சரி பண்ண முடியாதா?” வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மறைஞ்சு போன பல்லைக் கொண்டுவர முடியாது.

சின்ன எக்ஸ்ரேயில் வேற சிக்கல். சில கிளினிக்குகளில் வாய்க்குள் வைப்பது மெல்லிய பாஸ்பர் தகடு. திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் கீறல் விழும். படத்தில் அது வெள்ளைக் கோடா தெரியும். தகட்டைத் திருப்பி வைத்துவிட்டால் இன்னும் மோசம்: இடது வலதா மாறிடும். பழைய பிலிமில் பின்பக்கம் ஈயத்தாள் இருந்தது. திருப்பி வைத்தால் அதன் கோலம் படத்தில் பதிந்து, தவறு உடனே மாட்டிக்கும். தகட்டில் ஒரு சின்ன அடையாளக் குறிதான். அதைக் கவனிக்காவிட்டால், பிடுங்க வேண்டியது எந்தப் பல் என்பதிலேயே குழப்பம் வரலாம்.

பல்லின் கழுத்துப் பகுதி சில நேரம் சொத்தை மாதிரி கருப்பா தெரியும். அது வெறும் நிழலாகவும் இருக்கலாம். அதனால்தான் நல்ல மருத்துவர் திரையை மட்டும் நம்பாம, வாயைத் திறக்கச் சொல்லியும் பார்ப்பார்.

படம் சரியில்லைன்னா மறுபடி எடுப்பாங்க. சின்ன எக்ஸ்ரே ஒன்றின் கதிர்வீச்சு சுமார் 0.005 மில்லிசீவர்ட், இயற்கையில் ஒரு நாளில் நமக்குக் கிடைப்பதை விடக் குறைவு. பயப்பட வேண்டாம். ஆனா “ஏன் மறுபடி?”ன்னு தாராளமா கேளுங்க. கர்ப்பமா இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க.

ஓபிஜிக்கு நிற்கும்போது முதுகை நிமிர்த்தி, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, ஆடாம இருங்க. நாக்கு கீழே கிடந்தால் மேல் பற்களின் வேர் மேலே ஒரு கருப்புப் பட்டை விழும்.